கர்ட் ஃப்ளட் - ஆயுள் முழுக்க ஒரு பாண்டு

போன மாசம் எங்க டீம்ல ஒரு பையன் பேப்பர் போட்டான். சேர்ந்து பதினாலு மாசம்தான் ஆச்சு, கையெழுத்துப் போட்டது ரெண்டு வருஷ பாண்டு. மீதிக்குக் காசு கட்டிட்டுப் போன்னு சொல்லிட்டாங்க. பயபுள்ள அண்ணன்கிட்ட கடன் வாங்கிக் கட்டிட்டுக் கிளம்பிட்டான். டீக்கடையில இந்தப் பேச்சு ஓடினப்ப ஒரு சீனியர் சொன்னார், "வாங்குற சம்பளத்துக்கு இவனுக்கு என்னய்யா குறைச்சல்?"

எனக்கு டக்குனு ஞாபகம் வந்தவர் கர்ட் ஃப்ளட். 1970-ல் பாதி அமெரிக்கா அவரைப் பார்த்துக் கேட்டது இதே கேள்வியைத்தான். அந்தக் கதையைத்தான் இன்னைக்கு எழுதப் போறேன். கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க.

டிஸ்கி: பேஸ்பால் தெரியாதேன்னு யாரும் எஸ்கேப் ஆக வேண்டாம். எனக்கே செயின்ட் லூயிஸ்ல ஆறு மாசம் ஆணி பிடுங்கப் போற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. வாரக் கடைசியில போக்கிடம் இல்லாம மேட்ச் பார்க்கப் போய்க் கத்துக்கிட்டதுதான். இந்தப் பதிவுக்குத் தேவையானது இவ்வளவுதான்: மைதானத்தோட பின்பக்கம் மூணு பேர் நிப்பாங்க, அவங்க அவுட்ஃபீல்டர்கள். அதில் நடுவில் நிக்கிறவர் சென்டர் ஃபீல்டர். லாங் ஆன், லாங் ஆஃப் ரெண்டையும் ஒரே ஆள்கிட்ட குடுத்து "பாத்துக்கப்பா"ன்னு சொன்ன மாதிரி வேலை. ஃப்ளட் அந்த வேலையில் கில்லாடி.

*

கர்ட் ஃப்ளட் பிறந்தது 1938 ஜனவரி 18, ஹூஸ்டனில். வளர்ந்தது கலிஃபோர்னியாவின் ஓக்லாண்டில். பின்னாளில் பெரிய ஆட்டக்காரர்களான ஃப்ராங்க் ராபின்சன், வேடா பின்சன் எல்லாம் இவரோட அதே கோச்சிடம் ஆடிப் பழகிய பசங்க. 1956-ல் சின்சினாட்டி ரெட்ஸ் அணி 4,000 டாலர் சம்பளத்தில் எடுத்துக்கொண்டது. அப்போ வயசு 18.

பெரிய லீகில் ஆடுறதுக்கு முன்னாடி சின்ன லீகில் ஆடித் தேறணும். அதுக்கு அனுப்பின இடம் தெற்கு மாநிலங்கள். ஜாக்கி ராபின்சன் என்ற முதல் கருப்பின வீரர் பெரிய லீகுக்குள் வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஆனா தெற்கில் நிறவெறிச் சட்டங்கள் அப்படியேதான் இருந்தன. டீம் பஸ் ஹோட்டல் வாசலில் நிற்கும். வெள்ளைக்காரப் பசங்க உள்ளே போய்ச் சாப்பிடுவாங்க. ஃப்ளட்டுக்குச் சாப்பாடு சமையல்கட்டுப் பின்வாசலில்.

அவரே பின்னாளில் சொன்ன ஒரு சம்பவம். ஒரே நாளில் ரெண்டு மேட்ச். முதல் மேட்ச் முடிந்ததும் எல்லாரும் வியர்வையில் நனைந்த யூனிஃபார்மைக் கழற்றி ஒரே குவியலாகப் போட்டிருக்கிறார்கள், துவைக்கிறதுக்கு. இவரும் போட்டார். உடைகளை எடுக்க வந்த ஆள் ஒரு நீளக் குச்சியை எடுத்து, இவர் உடையை மட்டும் கையால் தொடாமல் தனியே தள்ளினார். அது கருப்பர்களுக்கான லாண்டரிக்குப் போய்த் திரும்பி வரும் வரை, மத்தவங்க எல்லாம் அடுத்த மேட்சுக்கு இறங்கின பிறகும், இவர் அறையில் உடுப்பில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

அந்த முதல் வருஷம் பையன் அடித்தது .340 சராசரி, 29 ஹோம் ரன். (பேஸ்பாலில் .300-ஐத் தாண்டினாலே பெரிய விஷயம்.) உள்ளுக்குள்ள எவ்வளவு அழுகையை வெச்சுக்கிட்டு ஆடியிருப்பார்னு நினைச்சா என்னமோ பண்ணுது.

1957 டிசம்பரில் ரெட்ஸ் அணி அவரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு மாற்றிவிட்டது. "உனக்குச் சம்மதமா?"ன்னு யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமே இல்லை. இதை மனசில் வெச்சுக்கோங்க.

*

செயின்ட் லூயிஸில் 12 சீசன். சுருக்கமா சொல்றேன். சிறந்த ஃபீல்டருக்கான தங்கக் கையுறை விருது 1963-லிருந்து 1969 வரை தொடர்ந்து ஏழு தடவை. ஆல் ஸ்டார் அணியில் மூணு தடவை. 1964, 1967 ரெண்டு வருஷமும் வேர்ல்ட் சீரிஸ் கோப்பை. 1965 செப்டம்பரிலிருந்து 1967 ஜூன் வரை தொடர்ந்து 226 மேட்ச், ஃபீல்டிங்கில் ஒரு தப்பு கிடையாது. 1966 சீசன் முழுக்கப் பூஜ்யம்! நம்ம கோட் ஒரு ரிலீஸாவது பக் இல்லாமப் போகுமா?

ஆனா விளையாட்டு ரசிகனோட ஞாபகசக்தி விசித்திரமானது. 1968 வேர்ல்ட் சீரிஸ், டெட்ராய்ட் டைகர்ஸுடன் ஏழாவது மேட்ச், கடைசி மேட்ச். ஏழாவது இன்னிங்ஸ் வரைக்கும் ரெண்டு பக்கமும் ரன்னே இல்லை. ஜிம் நார்த்ரப் அடித்த பந்து சென்டர் ஃபீல்டுக்கு உயரமா வருது. ஃப்ளட் முன்னாடி ரெண்டு எட்டு வைத்துவிட்டார். தப்புக் கணக்கு. திரும்பும்போது கால் வழுக்க, பந்து தலைக்கு மேலே போய் விழுந்தது. ரெண்டு ரன். டெட்ராய்ட் 4-1-ல் கோப்பையை எடுத்துப் போனது. ஸ்கோர் ஷீட்டில் அது 'எரர்' என்றுகூடப் பதிவாகவில்லை. ஆனா 226 மேட்ச் மறந்து, அந்த ஒரு பந்துதான் ரொம்பப் பேர் மனசில் நின்றது.

மைதானத்துக்கு வெளியே நிலைமை வேற. 1962-ல் ஜாக்கி ராபின்சனோடு மிசிசிப்பி மாநிலம் ஜாக்சனுக்குப் போய் கருப்பின உரிமைக் கூட்டத்தில் கலந்துகொண்டார். 1964-ல் கோப்பை ஜெயித்த கையோடு கலிஃபோர்னியாவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கப் போனால், அக்கம்பக்கத்தினரின் எதிர்ப்பைத் தாண்டி கோர்ட் உத்தரவோடுதான் குடிபோக முடிந்தது. நாடே கைதட்டுற ஆளுக்கு வாடகைக்கு வீடு கிடையாது!

*

இப்ப அந்த 'பாண்டு' மேட்டருக்கு வருவோம். இதுக்குப் பேர் ரிசர்வ் க்ளாஸ். 1879-ல் அணி முதலாளிகள் தங்களுக்குள் ரகசியமாக ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். ஒவ்வொரு அணியும் ஐந்து ஆட்டக்காரர்களை 'ரிசர்வ்' செய்து வைக்கும், அவங்களை மத்த அணிகள் தொடக்கூடாது. சம்பளம் ஏறாமல் இருக்க ஏற்பாடு. ஐந்து பேர் என்பது போகப் போக எல்லாருமே என்று ஆகிவிட்டது.

ஃப்ளட் காலத்துக் காண்ட்ராக்டில் அது எப்படி இருந்ததுன்னா: 'இந்த ஒப்பந்தம் முடிந்தால், இதே நிபந்தனைகளோடு இன்னும் ஒரு வருஷத்துக்கு இதைப் புதுப்பிக்க அணிக்கு உரிமை உண்டு.' ஒரு வருஷம்தானேன்னு தோணும். ஆனா 'இதே நிபந்தனைகள்' என்பதில் இந்தப் புதுப்பிக்கிற நிபந்தனையும் அடக்கம் என்பது முதலாளிகள் வாதம்! அந்த ஒரு வருஷம் முடிந்தால் மறுபடி ஒரு வருஷம், அது முடிந்தால் மறுபடி.

நம்மாளுங்களுக்குப் புரியிற மாதிரி சொன்னா, ஒரு ஃபங்ஷன் தன்னைத் தானே கூப்பிடுது, நிறுத்துற கண்டிஷன் மட்டும் எழுதவே இல்லை. முடிவில்லாத ரிகர்ஷன். கம்ப்யூட்டரா இருந்தா ஸ்டாக் நிறைஞ்சு செத்துப் போயிருக்கும். இது தொண்ணூறு வருஷம் ஜம்முன்னு ஓடிச்சு.

நம்ம பாண்டு ரெண்டு வருஷத்தில் முடிஞ்சுடும், இல்லேன்னா காசு கட்டலாம். இதில் அதெல்லாம் கிடையாது. அணி உங்களை வெச்சுக்கலாம், வித்துடலாம், தூக்கி எறியலாம். நீங்க செய்யக்கூடியது ஒண்ணுதான், ஆட்டத்தையே விட்டுட்டு வீட்டுக்குப் போறது.

இது சட்டப்படி செல்லுமா? அமெரிக்காவில் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து போட்டியை ஒழிப்பதைத் தடுக்கும் ஏகபோக எதிர்ப்புச் சட்டம் உண்டு. ஆனா 1922-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு சொன்னது. பேஸ்பால் மேட்ச் என்பது உள்ளூர்க் காட்சி, அணிகள் மாநிலம் விட்டு மாநிலம் பயணம் போவது சும்மா அதுக்குத் துணையான விஷயம், அதனால் இது மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் இல்லை, சட்டம் பொருந்தாது! 1953-ல் டூல்சன் என்ற பிட்சர் மறுபடி கேஸ் போட்டார். கோர்ட் 'வேணும்னா நாடாளுமன்றம் மாத்திக்கட்டும்' என்று கை கழுவியது. வேடிக்கை என்னன்னா, பின்னாடி குத்துச்சண்டையும் அமெரிக்கன் ஃபுட்பாலும் எங்களுக்கும் அந்தச் சலுகை வேணும்னு வந்தப்ப, அதெல்லாம் முடியாதுன்னு அதே கோர்ட் சொல்லிவிட்டது.

*

1969 மார்ச். கார்டினல்ஸ் முதலாளி ஆகஸ்ட் புஷ், பட்வைசர் பீர் கம்பெனிக்காரர். பத்திரிகைக்காரர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஆட்டக்காரர்களுக்கு ஒரு லெக்சர் அடித்தார், உங்களுக்கெல்லாம் பணத்தாசை ஜாஸ்தியாயிடுச்சுன்னு. ஃப்ளட் அப்போது 90,000 டாலர் வாங்கிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் அது பெரிய சம்பளம். சராசரி சுமார் 25,000-தான்.

அக்டோபரில் ஒரு போன். 'உன்னை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாத்தியாச்சு.' பேசியது முதலாளியில்லை, மேனேஜரில்லை, ஆபீஸில் ஒருத்தர். 12 வருஷத்துக்கு அவ்வளவுதான் மரியாதை. ஃபிலடெல்ஃபியாவிலிருந்து பதிலுக்கு வந்தவர்களில் முக்கியமானவர் டிக் ஆலன். ரசிகர்களின் நிறவெறிக் கூச்சலில் நொந்து, என்னை எங்கேயாவது அனுப்பிடுங்கன்னு கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்!

ஃப்ளட்டுக்கு 31 வயசு. செயின்ட் லூயிஸில் நண்பர்கள், தொழில் எல்லாம் இருந்தது. முடியாதுன்னு முடிவு செய்தார். ஆட்டக்காரர்கள் யூனியனின் தலைவர் மார்வின் மில்லரைப் போய்ப் பார்த்தார். மில்லர் ஸ்டீல் தொழிலாளர் யூனியனிலிருந்து வந்த பழம் தின்னு கொட்டை போட்ட ஆள். ஆசை வார்த்தை எதுவும் சொல்லவில்லை. "அநேகமாகத் தோற்போம். ஜெயித்தாலும் அது நடப்பதற்குள் உன் ஆட்டக்காலம் முடிந்துவிடும். இனி பேஸ்பாலில் கோச், மேனேஜர் என்று எந்த வேலையும் கிடைக்காது" என்கிற ரீதியில் பயமுறுத்தினார். ஃப்ளட் கேட்டது ஒரே கேள்விதான். மத்த ஆட்டக்காரர்களுக்கு இதனால் நல்லது நடக்குமா? இப்ப இருக்கிறவங்களுக்கும் இனிமே வரப்போறவங்களுக்கும் நடக்கும் என்றார் மில்லர். அப்ப எனக்கு அது போதும் என்று சொல்லிவிட்டார் ஃப்ளட்.

நான் இந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் நின்னுடுவேன். ப்ராஜெக்ட் மேனேஜர் முறைச்சாலே சனிக்கிழமை ஆபீஸ் போற ஜாதி நான்.

டிசம்பரில் பியூர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் யூனியன் கூட்டம். ஒருத்தர் நேராகவே கேட்டார், நீ கருப்பர் என்பதால்தான் இதைச் செய்கிறாயா என்று. கருப்பனாகப் பட்டது நிறைய, ஆனால் இது எல்லா ஆட்டக்காரருக்குமான விஷயம் என்பது ஃப்ளட்டின் பதில். 25-0 என்று ஓட்டு விழுந்தது. வக்கீல் செலவு யூனியனுடையது.

1969 டிசம்பர் 24 தேதியிட்டு, லீகின் கமிஷனர் போவி க்யூனுக்கு ஒரு கடிதம் எழுதினார். சாரம் இதுதான்: பன்னிரண்டு வருஷம் ஆடியபிறகும், என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்கக்கூடிய சொத்து நான் இல்லை. மற்ற அணிகளிடமும் பேச எனக்கு உரிமை வேண்டும். க்யூன் மறுத்தார். 1970 ஜனவரியில் கேஸ் பதிவானது.

அந்த நேரத்தில்தான் ஒரு டிவி பேட்டி. ஹோவர்ட் கோசெல் கேட்டார், வருஷம் 90,000 டாலர் வாங்குறீங்களே, அது ஒண்ணும் அடிமைக் கூலி இல்லையே? நல்ல சம்பளம் வாங்குகிற அடிமையும் அடிமைதான் என்றார் ஃப்ளட். கொதித்துப் போனார்கள் நிறையப் பேர். பத்திரிகைகளில் பல எழுத்தாளர்கள் போட்டுத் தாளித்தார்கள். நன்றி கெட்டவன், ஆட்டத்தையே அழிக்க வந்தவன்.

*

1970 மே மாதம் நியூயார்க்கில் விசாரணை. ஃப்ளட் பக்கம் சாட்சி சொல்ல ஜாக்கி ராபின்சன் வந்தார். சர்க்கரை வியாதியில் பார்வை மங்கி, உடல் தளர்ந்து. ஹேங்க் க்ரீன்பெர்க் வந்தார். எல்லாம் ஓய்வு பெற்ற பழைய ஆட்கள். அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தர்கூட வரவில்லை. சாட்சிக்கு வேண்டாம், சும்மா பின் பெஞ்சில் வந்து உட்காரவாவது? அதுவும் இல்லை. அவர்களைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. அந்த ரிசர்வ் க்ளாஸ் அவங்க கழுத்திலும் இருந்ததே. பயம்தான்.

ஆகஸ்டில் தோல்வி. 1971-ல் மேல்முறையீட்டிலும் தோல்வி. 1972 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட். ஃப்ளட்டின் வக்கீல் ஆர்தர் கோல்ட்பெர்க், அதே கோர்ட்டில் முன்னாள் நீதிபதி. அன்றைக்கு வாதம் சொதப்பல். 1972 ஜூன் 19-ல் தீர்ப்பு, 5-3. ஒரு நீதிபதி, பவல், ஒதுங்கிக்கொண்டார். ஏன்? அவரிடம் புஷ்ஷின் பீர் கம்பெனிப் பங்குகள் இருந்தன!

பிளாக்மன் எழுதிய அந்தத் தீர்ப்பு ஒரு காமெடி. முதலில் பேஸ்பாலின் பெருமை, எண்பதுக்கும் மேற்பட்ட பழைய ஆட்டக்காரர்களின் பெயர்ப் பட்டியல். பிறகு, ஆமாம், பேஸ்பால் வணிகம்தான், இந்த விலக்கு முரண்பாடுதான் என்று ஒத்துக்கொள்கிறார். பிறகு, இருந்தாலும் இத்தனை வருஷம் இருந்துவிட்டது, மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை. 1953 தீர்ப்பில் சேர்ந்துகொண்டதற்காக வருந்துகிறேன் என்று எழுதிய நீதிபதி டக்ளஸ் எதிர்த்து ஓட்டுப் போட்டார். மூணு பேர் போதவில்லை.

*

இதற்குள் ஃப்ளட் என்ன ஆனார்? 1970 சீசன் முழுக்க ஆடவில்லை. சம்பளம் போச்சு, தொழில் நொடித்தது. 1971-ல் வாஷிங்டன் செனட்டர்ஸ் அணி 110,000 டாலருக்குக் கூப்பிட்டது. பணமுடையில் போனார். ஒன்றரை வருஷ இடைவெளி, கோர்ட், குடி எல்லாம் சேர்ந்து கால் வேலை செய்யவில்லை. 13 மேட்சில் 7 ஹிட். ஏப்ரல் முடிவதற்குள் ஒரு தந்தியை அனுப்பிவிட்டு ஸ்பெயினுக்கு விமானம் ஏறிவிட்டார். மயோர்க்கா தீவில் ஒரு பார் நடத்தினார். மொத்தம் 1,759 மேட்ச், 1,861 ஹிட், .293 சராசரி. 33 வயசில் எல்லாம் முடிந்தது. மில்லர் சொன்னபடியே.

ஆனா கதை அங்கே முடியவில்லை. 1973 ஒப்பந்தத்தில் ஒரு விதி வந்தது. பத்து வருஷம் ஆடி, கடைசி ஐந்து வருஷம் ஒரே அணியில் இருந்தவரை அவர் சம்மதமில்லாமல் மாற்ற முடியாது. 1969-ல் இது இருந்திருந்தால், போனில் 'முடியாது' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஃப்ளட் திரும்பிப் படுத்துத் தூங்கியிருக்கலாம்.

அடுத்தது பெரிய வெடி. மெசர்ஸ்மித், மெக்நாலி என்ற ரெண்டு பிட்சர்கள் 1975 சீசனில் புதுக் காண்ட்ராக்டில் கையெழுத்தே போடாமல் இருந்தார்கள். விஷயம் நடுவரிடம் போனது. யூனியன் 1970-ல் பேசி வாங்கிய ஏற்பாடு அது. நடுவர் பீட்டர் சைட்ஸ் காண்ட்ராக்டைப் படித்துவிட்டுச் சொன்னார்: ஒரு வருஷம் என்றால் ஒரு வருஷம்தான். அதுக்கப்புறம் ஆள் சுதந்திரம். அவ்வளவுதான் மக்கா! தொண்ணூத்தாறு வருஷ ரிகர்ஷனுக்கு ஒரு வரியில் நிறுத்தற் கண்டிஷன். தேதி 1975 டிசம்பர் 23. ஃப்ளட் கடிதம் எழுதி ஆறு வருஷத்துக்கு ஒரு நாள் கம்மி.

ஃப்ளட்டின் கேஸால்தான் இது நடந்ததான்னு கேட்டா, சட்டப்படி இல்லை. அவர் கேஸ் தோத்த கேஸ்தான். ஆனா அதுவரை காற்று மாதிரி கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஒரு விஷயத்தை நாடு முழுக்க வாய்விட்டுப் பேச வைத்தது அவர். இது அநியாயம் என்று ஆட்டக்காரர்களுக்கே புரிய வைத்ததும் அவர்.

1994-ல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஃப்ளட் அவர்களுடைய கூட்டத்துக்குப் போனார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். 24 வருஷம் முன்னாடி ஒரு கோர்ட் அறையில் காலியாகக் கிடந்த பெஞ்சுக்கு வட்டியும் முதலும். 1997 ஜனவரி 20, தொண்டைப் புற்றுநோயில் இறந்தார். 59 வயசு முடிந்து ரெண்டு நாள். 1998-ல் பெரிய லீக் ஆட்டக்காரர்களுக்கு ஏகபோக எதிர்ப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கொடுத்த சட்டத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோ என்ற அவுட்ஃபீல்டர், தானே அணியைத் தேர்ந்தெடுத்து, நியூயார்க் மெட்ஸோடு 15 வருஷத்துக்கு 76.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்.

கடைசியா ஒண்ணு. பேஸ்பாலுக்கு ஹால் ஆஃப் ஃபேம் என்று ஒரு கௌரவ மண்டபம் உண்டு. கடிதத்தை நிராகரித்த போவி க்யூனை 2008-ல் சேர்த்தார்கள். மார்வின் மில்லரை, அவர் இறந்து கிட்டத்தட்ட ஒன்பது வருஷம் கழித்து, 2021-ல் சேர்த்தார்கள். எந்த ஆளுக்குப் பதிலாக ஃப்ளட்டை விற்றார்களோ அந்த டிக் ஆலனை 2025-ல் சேர்த்தார்கள். 2025 வரை சேர்த்தவர்கள் பட்டியலில் கர்ட் ஃப்ளட் பெயர் இல்லை. செயின்ட் லூயிஸ் மைதானத்து வாசலில் அவரோடு ஆடிய கிப்சனுக்கும் ப்ராக்குக்கும் சிலை பார்த்திருக்கேன். இவர் சிலையைத் தேடினேன், இல்லை.

அந்தச் சீனியர்கிட்ட இதை எல்லாம் சொல்லலாம்னுதான் நினைச்சேன். டீ ஆறிடும்னு விட்டுட்டேன். "குறைச்சல் சம்பளத்தில் இல்லைங்கண்ணா" என்று மட்டும் சொன்னேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். இந்தப் பதிவோட சுட்டியை அனுப்பணும்.

பி.கு: பாண்டு எழுதிக் கொடுத்து மாட்டிக்கிட்ட அனுபவம் யாருக்காவது இருந்தா பின்னூட்டத்தில் கொட்டுங்க. கம்பெனி பேர் மட்டும் வேண்டாம் சாமி, எனக்கு இன்னும் கார் லோன் பாக்கி இருக்கு.